இரட்டைப் பிள்ளைகளுக்கு டயபரை நிறுத்துவது: இருவருக்கும் சேர்த்தா, தனித்தனியாகவா?

இரட்டைச்சுழி | மார்ச் 4

வணக்கம். எனக்கு இரட்டைப் பிள்ளைகள், பெண் ஒன்று, ஆண் ஒன்று. வயது 2 வருடம் 5 மாதம். மகள் இரண்டு நிமிடம் முந்திப் பிறந்தவள் என்பதால் எங்கள் வீட்டில் அவள் பெரியவள், அவன் சின்னவன். கோவையில் வாடகை வீடு, ஒரே ஒரு பாத்ரூம். கணவர் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். மாமியார் மாதத்தில் பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போவார்.

ஜூனில் இருவரையும் பிரீ கேஜியில் சேர்க்கிறோம். டயபர் போட்டு அனுப்பக் கூடாது என்று பள்ளியில் இப்போதே சொல்லிவிட்டார்கள். மூன்றே நாளில் பழக்கிவிடலாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன். போன சனிக்கிழமை துணிந்து இருவருக்கும் ஒரே நேரத்தில் டயபரைக் கழற்றினேன்.

காலை பத்து மணிக்குள் பதினோரு ஜட்டி. பெரியவளைப் பாட்டி சேரில் (பிள்ளைகள் உட்கார்ந்து போவதற்கான, கிண்ணம் வைத்த சின்ன நாற்காலி) உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னவன் சத்தமில்லாமல் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றான். எட்டிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடிக் கழுவிவிட்டுத் திரும்பினால், பெரியவள் சேரின் கிண்ணத்தை உருவி எடுத்துக்கொண்டு "அம்மா, மூச்சா!" என்று எனக்குக் காட்ட வந்துகொண்டிருக்கிறாள். பாதி கிண்ணத்தில், மீதி ஹாலில். மதியம் இருவருக்கும் மறுபடி டயபரைப் போட்டுத் தூங்க வைத்துவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

இரட்டையர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். இருவருக்கும் சேர்த்துத் தொடங்குவதா, ஒருவருக்கு முடித்துவிட்டு அடுத்தவருக்கா? ஒருவரை மட்டும் பழக்கினால் இன்னொருவர் ஏங்கிப் போக மாட்டாரா?

மழைக்குருவி | மார்ச் 4

என் இரட்டையருக்கு இப்போது ஐந்து வயது. இருவரும் பையன்கள், அச்சு அசலாக ஒரே முகம். நானும் சேர்த்துத்தான் தொடங்கினேன். ஒருவன் ஒன்பது நாளில் பழகிவிட்டான். மற்றவனுக்கு அதற்கு மேலும் ஐந்து மாதம் ஆனது.

அந்த ஐந்து மாதத்தில் ஜட்டி துவைத்ததெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது. மறக்காதது என் வாய். "பார், அவன் எவ்வளவு சமத்து!" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. கொஞ்ச நாளில் இவன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தான். அங்கேயே போய்விட்டு, நாற்றம் வரும்வரை வெளியே வர மாட்டான். தனிப் பிள்ளையாக இருந்தால் ஒப்பிட வீட்டில் ஆள் இருக்காது. இங்கே அளவுகோல் பக்கத்திலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பெரியவள் தயார். அவளுக்கு மட்டும் தொடங்குங்கள். சின்னவன் டயபரிலேயே இருக்கட்டும். ஏங்குவானோ என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் வேடிக்கைதான் பார்ப்பான். ஆனால் சேர் மட்டும் இரண்டு வாங்கிவிடுங்கள், இரண்டும் ஒரே நிறத்தில். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று வாங்கிய அறிவாளி நான். இரண்டு பேருக்கும் சிவப்புதான் வேண்டும்.

பொருநைப் பாட்டி | மார்ச் 5

எனக்கு 68 வயது. மூன்று பிள்ளை, ஏழு பேரன் பேத்தி. பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டினாள், அதனால் எழுதுகிறேன்.

இரண்டரை வயது வரைக்கும் பிள்ளைக்கு டயபரைக் கட்டி வைத்துவிட்டு, அப்புறம் மூன்று நாளில் மாறு என்றால் அது என்ன செய்யும், பாவம்? எங்கள் காலத்தில் பிள்ளைக்குக் கழுத்து நின்றதுமே பழக்கம் ஆரம்பம். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து அதன்மேல் பிள்ளையைக் குந்த வைப்போம். தூங்கி எழுந்ததும் ஒரு முறை, பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு முறை. "உஸ்ஸ்" என்று சொன்னால் போய்விடும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது. நடக்க ஆரம்பித்த பிள்ளை தானே முற்றத்து ஓரமாகப் போய்க் குந்தும். என் இரண்டாவது மகளுக்கும் இரட்டைதான். அவர்களையும் இப்படித்தான் வளர்த்தோம்.

ராத்திரி ஷிப்ட் | மார்ச் 5

அப்பாக்களும் எழுதலாம் அல்லவா? எங்கள் வீட்டிலும் இரட்டை, இருவரும் பெண்கள், இப்போது நான்கு வயது.

முதல் பிரச்சினையே பெயரில்தான். "அம்மா, நாளையிலிருந்து பாட்டி ட்ரெயினிங் ஆரம்பிக்கிறோம்" என்று என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "எனக்கு எதுக்குடா ட்ரெயினிங்? மூணு பிள்ளை வளர்த்திருக்கேன்" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. என் மனைவி வீட்டில் "கக்கா", எங்கள் வீட்டில் "ஆய்", வேலைக்கு வரும் அக்கா "வெளிக்கு" என்பார், பிளே ஸ்கூலில் "பாத்ரூம்". ஒரே விஷயத்துக்கு நான்கு பெயர். நாங்கள் கடைசியில் ஆய், மூச்சா என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். மாமனார் வரைக்கும் அதையே சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டோம்.

செம்பருத்தி | மார்ச் 5

பொருநை அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முற்றம் இருந்தது. நான் இருப்பது ஏழாவது மாடி. உங்கள் வீட்டில் பிள்ளையைக் காலில் வைக்க அத்தை, சித்தி, ஓர்ப்படி என்று யாராவது இருந்திருப்பார்கள். இங்கே இரண்டு பிள்ளை, ஒரு அம்மா, மூன்றாவது ஆள் வாஷிங் மெஷின். ஆறு மாதக் குழந்தைகள் இரண்டையும் மணிக்கு ஒரு முறை காலில் வைத்து "உஸ்ஸ்" சொன்னால் அந்த அம்மா எப்போது சாப்பிடுவாள்?

டயபர் போட்டால் சோம்பேறி என்று சொல்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, தெரியும். ஆனால் என் வீட்டில் சொன்னார்கள்.

கண்மாய் | மார்ச் 6

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் படிக்கிற கிறுக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி சொன்ன முறையை 1977இல் ஒரு குழந்தை மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது, ஆனால் கென்யாவில். அங்கே டிகோ என்ற மக்கள். தாய் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையை வைத்துக்கொண்டு "ஷூஸ்" என்று ஒலி எழுப்புகிறாள். பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி, ஐந்தாறு மாதத்தில் குழந்தைகள் பெரும்பாலும் ஈரமில்லாமல் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கடல் தாண்டினாலும் அதே கால், கிட்டத்தட்ட அதே உஸ்ஸ்.

குழந்தை தயாராகும்வரை காத்திருங்கள் என்ற இன்றைய அறிவுரைக்கு வேர் 1962. பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பத்து ஆண்டுகளில் தான் பார்த்த 1,170 குழந்தைகளின் குறிப்புகளை வைத்து எழுதினார். வற்புறுத்தாமல் விட்டால் பகல் பழக்கம் சராசரியாக 28.5 மாதத்தில் வந்துவிடுகிறது என்றார். இரட்டைச்சுழி, உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது 29 மாதம். ஆக, எதிலும் பிந்திவிடவில்லை. (அதே பிரேசல்டன் 1990களின் கடைசியில் பெரிய அளவு டயபருக்கு டிவி விளம்பரத்தில் வந்தார், அமெரிக்காவில் அப்போது பெரிய சர்ச்சை.)

உங்கள் மூன்று நாள் வீடியோவுக்கும் ஒரு தாத்தா உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ், அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 34 குழந்தைகளைச் சராசரியாக நான்கு மணி நேரத்தில் பழக்கிக் காட்டினார்கள். நிறையக் குடிக்கக் கொடுப்பது, பொம்மைக்குச் சொல்லிக் கொடுப்பது, உடனுக்குடன் பாராட்டு. ஆனால் அது பயிற்சி பெற்ற ஒருவர் வேறு வேலையே இல்லாமல் ஒரு குழந்தையோடு உட்கார்ந்து செய்த காரியம். நீங்கள் ஒரு ஆள், பிள்ளைகள் இரண்டு, அடுப்பில் குக்கர் வேறு. கணக்கு அங்கேயே இடிக்கிறது.

பொருநைப் பாட்டி | மார்ச் 6

டயபர் விளம்பரத்தில் டாக்டரா! இதை என் மருமகளிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

செம்பருத்தி, கோபமெல்லாம் இல்லை தாயி. நீ சொன்னது சரிதான், என் ஓர்ப்படிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

வார்டு அக்கா | மார்ச் 7

குழந்தைகள் வார்டில் 26 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயதைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஈரமில்லாமல் இருக்கிறதா? ஜட்டியைத் தானே கீழே இழுக்கத் தெரிகிறதா? "செருப்பை எடுத்து அங்கே வை" என்றால் செய்கிறதா? போன பிறகாவது வந்து சொல்கிறதா?

சின்னவன் சோபாவுக்குப் பின்னால் போய் நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அதைக் குறும்பு என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது நல்ல செய்தி. வரப் போகிறது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. தெரியாத பிள்ளை நடுக் கூடத்தில் விளையாடிக்கொண்டே போய்விடும். ஆனால் தெரிவது வேறு, அதை உங்களிடம் கொடுக்கச் சம்மதிப்பது வேறு.

எத்தனை வாரத்தில் பிறந்தார்கள்? இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுவார்கள், அதனால் கேட்கிறேன். இன்னொன்று, சின்னவன் தினமும் மலம் கழிக்கிறானா? கெட்டியாகவா, இளக்கமாகவா? எந்தப் பழக்கத்தைத் தொடங்கும் முன்னும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

இரட்டைச்சுழி | மார்ச் 7

எல்லோருக்கும் நன்றி. 34 வாரத்தில் பிறந்தார்கள் அக்கா. சின்னவன் 1.7 கிலோ, இரண்டு வாரம் இன்குபேட்டரில் இருந்தான். அவன் இரண்டு நாளுக்கு ஒரு முறை போவான், கொஞ்சம் முக்குவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்பதால் நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் பெரியவளுக்கு மட்டும் தொடங்குகிறேன்.

வார்டு அக்கா | மார்ச் 7

ஆறு வாரம் முந்திப் பிறந்ததை இந்த வயதில் பெரிதாக எண்ண வேண்டாம். முக்குகிறான் என்றீர்களே, அதைக் கவனியுங்கள். பால் எவ்வளவு குடிக்கிறான் என்று ஒரு நாள் அளந்து பாருங்கள்.

ராத்திரி ஷிப்ட் | மார்ச் 8

தொடங்கும் முன் சில கைவேலைகள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் மேலே வைக்கும் சின்ன சீட் வாங்கினால் காலுக்குக் கீழே ஒரு மணை போடுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது. நீங்களே தொங்கவிட்டு முயன்று பாருங்கள். முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். அதாவது நம் ஊர்க் குந்தல்தான். இந்தியன் டாய்லெட் அதற்கு நல்லது, ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் குழி கிணறு மாதிரி தெரியும். எங்கள் இளையவள் அதைப் பார்த்தாலே என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

பட்டன், நாடா வைத்த உடுப்பெல்லாம் பரணுக்குப் போகட்டும். இடுப்பில் எலாஸ்டிக் மட்டும். ஜட்டி ஆளுக்குப் பன்னிரண்டு. ஹாலில் பாயும் விரிப்பும் வேண்டாம், வெறும் தரை போதும். நல்ல வேளையாக நீங்கள் வெயில் காலத்தில் தொடங்குகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் ஜட்டி காயும். நாங்கள் ஐப்பசி மழையில் தொடங்கி ஃபேனுக்கு அடியில் கொடி கட்டிக் காய வைத்தோம்.

சின்னவன் முறை வரும்போது அவனையும் உட்கார்ந்தே போகப் பழக்குங்கள். அப்பாவைப் பார்த்து நின்றுகொண்டு போக ஆசைப்படுவான். அது அப்புறம்.

இரட்டைச்சுழி | மார்ச் 21

பெரியவள் பகலில் டயபர் இல்லாமல் பதினோராவது நாள்! நேற்றும் இன்றும் ஒரு ஜட்டிகூட நனையவில்லை. காலை எழுந்ததும், சாப்பிட்ட பிறகு, வெளியே கிளம்பும் முன் உட்கார வைக்கிறேன். மற்ற நேரத்தில் அவளாகவே சொல்கிறாள். கிண்ணத்தைக் கொட்டும் உரிமை அவளுடையது. பாத்ரூம் வாசல் வரை நான் பிடித்துக்கொள்வேன், உள்ளே அவள் கொட்டி "டாட்டா மூச்சா" என்பாள்.

எதிர்பாராத ஒன்று. இப்போது தம்பிக்கும் இவளே அறிவிப்பாளர். அவன் முகத்தைப் பார்த்தே "அம்மா, தம்பிக்கு ஆய் வருது" என்று கத்துகிறாள். பத்துக்கு எட்டு முறை சரியாக இருக்கிறது. ஆனால் அவள் கத்தியவுடன் அவன் அடக்கிக்கொள்கிறான்.

இன்னொரு சிக்கல் ஸ்டிக்கர். அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறேன். சின்னவன் சுவரைப் பார்த்துக் கேட்கிறான். கொடுப்பதா வேண்டாமா?

செம்பருத்தி | மார்ச் 21

கொடுக்காதீர்கள், அவளுக்குக் கொடுப்பதையும் நிறுத்துங்கள் என்பது என் கட்சி. தனிப் பிள்ளைக்குப் பரிசு பரிசாகவே இருக்கும். இரட்டையரில் ஒருவருக்குக் கொடுத்த பரிசு மற்றவருக்குத் தண்டனை. நான் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, "போயிட்டியா? சரி, கை கழுவலாம் வா" என்று மட்டும் சொல்லிப் பழகினேன். கை கழுவ நுரை வரும் சோப்பு ஒன்று வாங்கினேன். பரிசு என்றால் அந்த நுரைதான். அது இரண்டு பேருக்கும் உண்டு, போனாலும் போகாவிட்டாலும்.

மழைக்குருவி | மார்ச் 22

நான் இதில் மாற்றுக் கருத்து. இரண்டு பேருக்கும் கொடுக்கலாம், காரணம் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். அவள் சேரில் போனதற்கு, அவன் தானே செருப்பு மாட்டியதற்கு. ஆனால் அக்கா கத்துவதை நிறுத்தியே ஆக வேண்டும். அவன் உடம்பை அவனுக்கு முன்னால் இன்னொருவர் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தால் அவன் எதற்குப் பேச வேண்டும்?

இரட்டைச்சுழி | ஏப்ரல் 8

உதவி வேண்டும். பெரியவள் நன்றாகப் போகிறாளே என்ற தைரியத்தில், மாமியாரும் இருக்கிறாரே என்று, ஒரு வாரம் முன் சின்னவனுக்கும் டயபரை நிறுத்தினேன். மூச்சா ஓரளவு சேரில் போகிறான். ஆய் மட்டும் ஐந்து நாளாக இல்லை. காலைக் குறுக்கிக்கொண்டு, மேசை விளிம்பைப் பிடித்து, முகம் சிவக்க நுனிக் காலில் நிற்கிறான். நாங்கள் முக்குகிறான் என்று நினைத்துச் சேரில் உட்கார வைத்தால் கதறுகிறான்.

நேற்றிலிருந்து ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணியாகக் கறை படுகிறது. வயிற்றுப்போக்கு என்று மாமியார் ஜாதிக்காய் உரைத்துக் கொடுத்தார். இன்று சாப்பாடும் இறங்கவில்லை.

பொருநைப் பாட்டி | ஏப்ரல் 8

ஐந்து நாளா? வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் லேசாக வைத்தால் உடனே இளகிவிடும். நாங்கள் செய்ததுதான்.

வார்டு அக்கா | ஏப்ரல் 8

வேண்டாம் அம்மா. உங்கள் அனுபவத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே அந்த இடம் வலிக்கும் என்று பயந்துபோயிருக்கும் பிள்ளை. காம்போ சோப்புத் துண்டோ வைத்தால் உள்ளே கீறும், பயம் இரண்டு மடங்காகும்.

இரட்டைச்சுழி, ஜாதிக்காயை நிறுத்துங்கள். இது வயிற்றுப்போக்கு மாதிரி தெரிந்தாலும், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதற்கு நேர் எதிரானதாக இருக்கத்தான் வாய்ப்பு. குடலின் கடைசியில் கெட்டியாகக் கட்டி அடைத்துக்கொண்டு நிற்கும். மேலே இருக்கும் தண்ணியான மலம் அதன் ஓரமாகக் கசிந்து வரும். அவனை அறியாமல் வருவது அது, அதற்காகத் திட்டாதீர்கள். நுனிக் காலில் நிற்பது முக்குவதற்காக இல்லை, வெளியே வராமல் இறுக்கிப் பிடிக்கிறான். முன்பு ஒரு முறை கெட்டியாகப் போய் வலித்திருக்கும். வலிக்கும் என்று அடக்குவான், அடக்கினால் இன்னும் கெட்டியாகும், அது இன்னும் வலிக்கும்.

நாளைக் காலையே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி வந்தாலோ வயிறு உப்பிக்கொண்டாலோ காலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே மலமிளக்கி எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இரட்டைச்சுழி | ஏப்ரல் 10

அக்கா, நீங்கள் சொன்னதேதான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என் கையையும் வைத்துக் காட்டினார், இடது பக்கம் கீழே கல் மாதிரி இருந்தது. ஆசனவாயில் சின்ன வெடிப்பும் இருக்கிறதாம். தண்ணீரில் கலந்து கொடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி எழுதியிருக்கிறார். இரண்டு நாளில் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள், சில மாதம் ஆகும், குடல் பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும் என்றார்.

பாலை அளந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு 900 மில்லி! சாப்பாடு இறங்கவில்லை என்று நானேதான் பாலாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். 400க்குள் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர், பப்பாளி, கொய்யா, கீரை என்று ஒரு பட்டியல்.

கடைசியாக டாக்டர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி டயபர் போடுங்கள் என்கிறார். "எங்கே போகிறான் என்பது இப்போது முக்கியமில்லை. முதலில் வலிக்காமல் போகட்டும்." நான் பள்ளி, ஜூன் என்று ஆரம்பித்தேன். ஜூனை ஜூனில் பார்க்கலாம் என்றார்.

ஒரு வார உழைப்பும் வீண் என்று மாமியார் சொல்கிறார். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருக்கிறது.

பொருநைப் பாட்டி | ஏப்ரல் 10

காம்பு பற்றி நான் எழுதியதை எடுத்துவிடத் தெரியவில்லை. யாரும் அதைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள். நல்ல வேளை, நர்ஸம்மா இருந்தார்.

மழைக்குருவி | ஏப்ரல் 11

திரும்ப டயபர் போடுவது தோல்வி இல்லை. அதைச் சின்னவனிடம் எப்படிச் சொல்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "நீ பேபிதானே" என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது, அக்காவும்கூட. "வயித்துக்கு ரெஸ்ட்" என்று சொல்லுங்கள்.

முன்பே எச்சரித்துவிடுகிறேன், பெரியவளும் டயபர் கேட்பாள்.

இரட்டைச்சுழி | ஏப்ரல் 13

கேட்டாள்! இரண்டு நாளாக வேண்டுமென்றே ஹாலில் நின்றுகொண்டு போகிறாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. தம்பிக்கு மட்டும் மருந்து, மடி, டயபர். அவளுக்கு "நீ பெரிய பொண்ணு". யோசித்துப் பார்த்தால் இரண்டு நிமிடம்தான் மூத்தவள். ராத்திரி அவளுக்கும் ஒன்று போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். காலையில் அவளே கழற்றி எறிந்தாள். நாளை சித்திரை ஒன்று, அந்தச் சாக்கில் இருவருக்கும் புது ஜட்டி. அவன் டயபருக்கு மேலேயே போட்டுக்கொள்வானாம்.

வார்டு அக்கா | ஏப்ரல் 20

பொடி வேலை செய்து, தினமும் இளக்கமாக, அழாமல் போகிறான் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். அவசரமே வேண்டாம், ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகட்டும். டயபரோடுதான் போக வேண்டும் என்றால் போகட்டும், ஆனால் இடம் பாத்ரூம். சோபாவுக்குப் பின்னால் நிற்பதற்குப் பதில் பாத்ரூமில் நிற்கட்டும். அது பழகியதும் டயபரோடே சேரில் உட்காரட்டும். அப்புறம் டயபரைத் தளர்த்திச் சேரின்மேல் விரித்து, அதில் உட்காரட்டும். அதற்கடுத்து டயபர் பழக்கம் தானாகவே விட்டுப்போகும்.

காலை உணவு முடித்துப் பத்து இருபது நிமிடத்தில் உட்கார வையுங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும். ஐந்து நிமிடம் போதும். வராவிட்டால் "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று எழுப்பிவிடுங்கள். அந்த ஐந்து நிமிடம் அக்கா வேறு அறையில் இருக்கட்டும்.

இரட்டைச்சுழி | மே 19

ஒரு மாதமாக எழுத எதுவும் இல்லை, அதுவே நல்ல செய்தி. சின்னவன் தினமும் போகிறான், அழுகை இல்லை. பால் குறைந்ததும் இட்லி நான்காகிவிட்டது. பாத்ரூமில் நின்று போவது வந்து, டயபரோடு சேரில் உட்காருவதும் வந்துவிட்டது. நேற்றுக் காலை டயபரை விரித்துவிட்டேன். உட்கார்ந்தவன் குனிந்து பார்த்துவிட்டு, "இது வேணாம்" என்று அதை உருவிப் போட்டான். நான் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றேதான். டொப் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு!

"விழுந்துச்சு" என்றான். நான் "சரி, கை கழுவலாம் வா" என்றேன். செம்பருத்தி, உங்கள் நுரை சோப்புதான்.

புதுவரவு | மே 25

முழுவதும் படித்தேன். என் பிள்ளைகளுக்கு நாலரை வயது, இரட்டைப் பையன்கள். பகலில் பிரச்சினை இல்லை. ஒருவன் ராத்திரியும் நனைப்பதில்லை, இன்னொருவன் தினமும் நனைக்கிறான். பத்து மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போகிறோம், அப்படியும் விடியற்காலை ஈரம். என்ன செய்வது?

வார்டு அக்கா | மே 25

ராத்திரி நனைக்காமல் இருப்பது பழக்கி வருவது இல்லை, வளர்ந்து வருவது. இரவில் சிறுநீரைக் குறைக்க ஒரு ஹார்மோன் சுரக்க வேண்டும், சிறுநீர்ப்பை நிறைந்தால் மூளை எழுப்ப வேண்டும். இரண்டும் ஒவ்வொரு பிள்ளைக்கு ஒவ்வொரு வயதில் கூடிவரும். ஐந்து வயதிலும் 100 பிள்ளைகளில் சுமார் 15 பேர் படுக்கையை நனைப்பார்கள். உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ சின்ன வயதில் இருந்ததா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், பல வீட்டில் அங்கே விடை கிடைக்கும். ரப்பர் ஷீட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். எழுப்புவதால் துணி மிச்சமாகலாம், பழக்கம் வந்துவிடாது. மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று ஆரம்பித்தால், எரிச்சல், காய்ச்சல், அதிக தாகம் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

புதுவரவு | மே 26

மாமியாரிடம் கேட்டேன். என் கணவர் எட்டு வயது வரையாம். அவர் பேப்பரை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரட்டைச்சுழி | ஜூன் 21

பள்ளி தொடங்கி இரண்டு வாரம். பைக்குள் ஆளுக்கு மூன்று ஜட்டி, இரண்டு டிராயர், ஒரு பிளாஸ்டிக் கவர். வீட்டில் "மூச்சா", பள்ளியில் சுண்டுவிரலைக் காட்டுவது என்று ஒரு வாரம் முன்பே விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

முதல் வாரம் முழுக்கப் பெரியவள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து விரல் காட்டினாள். "மிஸ், தம்பிக்கு" என்று. மிஸ்ஸிடம் பேசி இருவரையும் வேறு வேறு மேசையில் உட்கார வைக்கச் சொன்னேன். இரண்டு நாள் டிராயரை நனைத்துக்கொண்டு வந்தான். மூன்றாம் நாள் கூப்பிடப் போனபோது ஆயம்மா சிரித்தார். விரலையெல்லாம் காட்டவில்லையாம். எழுந்து நின்று, "எனக்கு மூச்சா வருது, அக்காவுக்கு வரல" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னானாம்.

பொடி இன்னும் தொடர்கிறது, அளவு பாதியாகிவிட்டது. ராத்திரி இருவருக்கும் டயபர்தான், அதைத் தொடப்போவதில்லை. ஆடிக்கு மாமியார் ஊருக்கு ராத்திரி பஸ்ஸில் போக வேண்டும். அதற்கென்று ஒரு பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். சின்னவன் அதில் நான்கைத் தன் கரடிக்குப் போட்டுவிட்டான்.